பெயர் எழுதாத ஜெபச் சீட்டு

எங்கள் அண்ணன் இல்லாமல் ஓராண்டு ஓடிவிட்டது. நினைவு ஆராதனைக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களுக்கு, அவருடைய ஒரே தங்கை எழுதுகிறேன். நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். எனக்குப் பூசி மெழுகத் தெரியாது.

அண்ணன் லாலாகூடா ரயில்வே குடியிருப்பில் பிறந்தார். வேலூரிலிருந்து வேலைக்கு வந்த அப்பா சீக்கிரமே காலமாகிவிட, படிப்பை விட்டுவிட்டு பாலாநகரில் லேத் பட்டறையில் சேர்ந்தார். பிறகு சொந்தப் பட்டறை போட்டார். விமானக் கருவிகளுக்கான உலோகப் பெட்டிகள் செய்தார். வெளிநாட்டு ஆர்டர் வந்தபோது, புது இயந்திரங்கள் வாங்க வங்கிக் கடன் போதவில்லை. பங்கு வெளியிட்டால் வட்டியில்லாமல் வளரலாம் என்று ஆலோசகர்கள் சொன்னார்கள். சிறு நிறுவனங்களுக்கான பங்குச் சந்தையில் அண்ணனின் நிறுவனமும் ஏறியது. சபையில் பாதிப் பேர் அவர் முகத்துக்காகவே பங்கு வாங்கினீர்கள்.

வெளியீட்டு அறிக்கையில், நிறுவனத்துக்கு என்னென்ன ஆபத்து வரலாம் என்று ஒரு பகுதி உண்டு. அதன் முதல் வரி, இந்நிறுவனம் தன் நிர்வாக இயக்குநர் ஒருவரையே பெரிதும் நம்பியுள்ளது என்பது.

"பாத்தியா பாப்பா, ஆபத்து நம்பர் ஒன் உங்க அண்ணன்தான்" என்று வாசித்துக் காட்டிச் சிரித்தார்.

மாடிப்படி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நான் நர்ஸ். இழுத்துக்கொண்டு போய்ச் சோதித்தால், இதயத்தில் மூன்று அடைப்பு. உடனே ஆபரேஷன் என்றார் டாக்டர். அந்த நேரம் பார்த்து, புதுப் பட்டறைக் கூடம் கட்ட இரண்டாவது பங்கு வெளியீடு நெருங்கிக்கொண்டிருந்தது.

"அது முடியட்டும். இப்ப வெளிய தெரிஞ்சா பங்கு விழும், யாரும் பணம் போட மாட்டாங்க."

"அதுக்குள்ள உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா?"

"கைக்கு இப்படிப் பேசற? ரெண்டு மாசம்தானே." 'ஏன்' என்பதைக்கூடப் பட்டறை உருதுவில் 'கைக்கு' என்பார்.

ஞாயிற்றுக்கிழமை, ஜெப விண்ணப்பச் சீட்டில் அவர் பெயரை எழுதப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"பேர் நக்கோ பாப்பா, வேணாம். இங்க பாதிப் பேர் பங்கு வச்சிருக்காங்க."

'வியாதியாயிருக்கும் ஒரு சகோதரருக்காக' என்று எழுதிப் போட்டேன். போதகர் வாசித்தார். நீங்கள் எல்லாரும் ஆமென் சொன்னீர்கள். எல்லாரையும்விட உரக்கச் சொன்னவர் அண்ணன். ஏழு ஞாயிறு இப்படியே போயிற்று. எட்டாவது ஞாயிற்றுக்கு முன்பே அவர் பட்டறையில் சாய்ந்துவிட்டார். அவர் இறந்த அறிவிப்பு பங்குச் சந்தைக்குப் போன பிறகுதான், ஊரின் மறுகோடியில் கொண்டாப்பூரில் இருந்த எனக்கே போன் வந்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அவரைத் தூக்கிக்கொண்டு ஓடிய தொழிலாளிகளுக்கும், உடனிருந்த போதகருக்கும் நன்றி. பங்கு சரிந்தபோதும் எங்கள் வாசலில் வந்து ஒரு வார்த்தை கேட்காத உங்களுக்கும் நன்றி. உங்களிடம் மறைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. மன்னித்துவிடுங்கள்.

இப்போது அண்ணன் மகன் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். தள்ளிப்போன வெளியீடு மறுபடி வருகிறது. அறிக்கையின் முதல் வரி மாறவில்லை. போன வாரம் மாடிப்படியில் பாதியிலேயே நின்று நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தான். நான் ஜெபச் சீட்டை எடுத்தேன்.

"அத்தை, பேர் நக்கோ" என்றான்.

எழுதிவிட்டேன். இன்றைய ஆராதனையில் போதகர் அவன் பெயரைச் சொல்லி வாசிப்பார். ஆமென் சொல்லுங்கள்.