மல்லாட்டை மில் சுவரும் ஒரு மாலையும்

மொழிபெயர்க்கிற வேலையில் நல்ல பேச்செல்லாம் பேசினவருக்குப் போய்விடும், கெட்ட பேச்செல்லாம் மாற்றிச் சொன்னவருக்கு வந்துவிடும். டாக்டருக்கும் மாமாவுக்கும் நடுவில், பேங்க் ஆபீசருக்கும் அம்மாவுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் முறைப்பு வாங்கிய அத்தனை பேருக்கும் இதைச் சொல்கிறேன். உங்களுக்குத்தான் புரியும்.

வேலை கிடைத்தது

பத்தாவதில் கணக்கு இரண்டு தடவை ஊத்திக்கொண்டது. மூன்றாவது தடவை எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற ஒரு விடுதியில் சமையல் வேலை. அங்கே ரூம் ரூமாகத் தோசை கொண்டுபோய்க் கொடுத்தே எனக்கு இங்கிலீஷ் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் அத்தனை வருஷம் வராதது ஆறு மாசத்தில் வந்தது. இதை டீச்சர் யாராவது படித்தால் கோபித்துக்கொள்ளட்டும், உண்மை அதுதான்.

அந்த விடுதியில் இருந்தவர் மரியான். பெல்ஜியம்காரப் பெண், ஐம்பது வயசு இருக்கும், படம் வரைகிறவர். எங்கள் தெருவில் ஒரு பக்கம் எங்கள் மாதிரி வீடுகள், ஒரு பக்கம் பாய் வீடுகள், இரண்டு பக்கத்து மாடி ரூம்களிலும் வெளிநாட்டுக்காரர்கள். எதிரில் பார்த்தால் தலையாட்டுவோம், அவ்வளவுதான். இந்த முகங்களையெல்லாம் ஒரே சுவரில் பக்கத்தில் பக்கத்தில் வரைய வேண்டும் என்று மரியானுக்கு ஆசை. ஆளைக் கூப்பிடவும் பேச்சை மாற்றிச் சொல்லவும் என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார். தெருக்கோடியில் மல்லாட்டை மில்லின், அதாவது நிலக்கடலை உடைக்கிற மில்லின், நீளச் சுவர் இருந்தது. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கிரிவலம் வருகிற கூட்டம் அதைக் கக்கூஸ் ஆக்கிவிட்டுப் போகும். நாற்றம் நின்றால் சரி என்று மில் முதலாளி ஒத்துக்கொண்டார், ஆனால் ஒரு கண்டிஷன் போட்டார். "எந்த வீட்டுக்காரராவது ஒருத்தர் வந்து, இது இன்னாதுன்னு சண்டைக்கு நின்னா போதும், மறுநாளே சுண்ணாம்பு அடிச்சிடுவேன். அத அந்தம்மாவுக்கு நல்லா புரியற மாதிரி சொல்லு பாப்பா."

எதிர் ஸ்டூல்

மரியான் வரைகிற முறையே வேறு. சுவருக்கு முன்னால் இரண்டு ஸ்டூல். ஒன்றில் வரையப்படுகிறவர் உட்காருவார். எதிர் ஸ்டூலில் அவர் வீட்டு ஆள் உட்காரக் கூடாது. அதிகம் பேசிப் பழகாத வேறு வீட்டு ஆள்தான் உட்கார வேண்டும், உட்கார்ந்து பேச வேண்டும். பேசாத முகம் பாஸ்போர்ட் போட்டோவாம். முதலில் எனக்கு இது வெட்டி வேலையாகத்தான் பட்டது. ஆளைக் கூப்பிடப் போய்ப் போய் என் செருப்புதான் தேய்ந்தது.

பால் ஊற்றுகிற கஸ்தூரி அக்காவுக்கு எதிரில் தையல்கார கமால் பாயின் மனைவி ஷமீம் அக்கா உட்கார்ந்தார். பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டுக்குப் பால் ஊற்றுகிறார். "எவ்ளோ?" "ஒரு லிட்டர்." இதைத் தாண்டி ஒரு பேச்சு கிடையாது. கால் மணி நேரம் இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். அப்புறம் ஷமீம் அக்கா மெதுவாக, "வந்தது வந்துட்டேன், இன்னிக்கி கேட்டுடறேன். தண்ணி கலக்கறியா, இல்லியா?" என்றார். கஸ்தூரி அக்கா சிரித்த சிரிப்பில் ஸ்டூலே ஆடியது. மரியான் அந்தச் சிரிப்பை அப்படியே பிடித்துச் சுவரில் போட்டுவிட்டார். இடுப்பில் கைவைத்து அதைப் பார்த்துக் கஸ்தூரி அக்கா சொன்னது: "நான் தண்ணி கலக்கறது மூஞ்சிலயே தெரியுதேடி."

கமால் பாயின் கை

கமால் பாய் முகம் கொடுக்க மாட்டேன் என்றார். அவர் வீட்டில் உருவப் படமே மாட்ட மாட்டார்கள். எனக்கு ஆத்திரம். ஒரு ஆள் இல்லாவிட்டால் தெரு எப்படி முழுசாகும் என்று நானே அவரிடம் சண்டை போட்டிருப்பேன். மரியான் சண்டையே போடவில்லை. கடையில் போய் உட்கார்ந்து அவர் ரவிக்கைத் துணி வெட்டுவதை மூன்று நாள் பார்த்தார். நடுநடுவே டீ வந்தது. அவர் பேசவில்லை, இவரும் பேசவில்லை. எனக்கு வேலையே இல்லை. நாலாம் நாள் பாயே கத்தரிக்கோலை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "மூஞ்சி அல்லா குடுத்தது, அது அவன்கிட்டயே இருக்கட்டும். கை நான் பழக்கனது. அத வேணா வரைஞ்சிக்கச் சொல்லு."

பௌர்ணமி வந்தது

பதினோரு முகமும் ஒரு ஜோடிக் கையும் முடிந்திருந்தபோது பௌர்ணமி வந்தது. மத்தியானமே கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது. நான் சுவருக்கு எதிர்ப்பக்கம் ஒரு கல்லில் உட்கார்ந்து காவல் காத்தேன். வெளியூர்க்காரர் ஒருவர் அவசரமாக வந்தார், சுவர்ப் பக்கம் திரும்பினார், வேட்டியைத் தூக்கப் போனார், அப்படியே நின்றார். இரண்டு அடி தள்ளிப் போனார், அங்கும் நின்றார். கடைசியில் ஏதோ நான்தான் குற்றவாளி என்பது மாதிரி என்னிடம் வந்தார். "அந்தம்மா என்னப் பாத்து சிரிக்குது. எப்படிமா போறது?"

ஆட்டோ ஏழுமலை அண்ணன்

கடைசி முகம் ஆட்டோ ஓட்டுகிற ஏழுமலை அண்ணனுடையது. அவருக்கு எதிர் ஸ்டூலில் மாடி ரூம் ஜப்பான்காரர். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. நான் மொழிபெயர்க்கவும் முடியவில்லை, ஏனென்றால் ஒரு மணி நேரமும் இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஹாரன் சத்தம்தான் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள். முகம் அருமையாக வந்தது. ஆனால் கழுத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் மிச்சம்.

வெள்ளிக்கிழமைதோறும் ஏழுமலை அண்ணன் ஆட்டோ முன்னால் சாமந்தி மாலை கட்டுவதை மரியான் பார்த்திருக்கிறார். அதையே அவர் கழுத்தில் போட்டால் அழகாக இருக்கும் என்று நினைத்து, ஏணியிலிருந்தே என்னைக் கேட்டார், "இங்கே பூ போடலாமா?" என்று. நான் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தேன். பசி வேறு. திரும்பிக்கூடப் பார்க்காமல், "போடுங்க, பூவுன்னா எல்லாருக்கும் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டேன்.

உயிரோடு இருக்கிறவர் படத்துக்கு மாலை. என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெல்ஜியத்தில் அது யாருக்கும் தெரியாது. போதாததற்கு அன்று ராத்திரியே ஏழுமலை அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. காலையில் அவர் மனைவி செல்வி அக்கா தலையைக்கூட வாரி முடியாமல் சுவருக்கு வந்தார், பார்த்தார், நேராக மில்லுக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் முதலாளி வெளியே வந்து சுவரை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தார். "நல்லாத்தான் இருந்துச்சு. நாளைக்குக் காலைல ஆள் வரும்னு அந்தம்மாகிட்ட சொல்லிடு."

நான் போய்ச் சொன்னது

விஷயத்தைச் சொன்னதும் மரியான் தானே போய்ச் செல்வி அக்கா காலில் விழுகிறேன் என்று கிளம்பினார். நான் தடுத்தேன். காலில் விழுந்தால் அதையும் நான்தான் மொழிபெயர்க்க வேண்டும் என்பதற்காக இல்லை. தப்பு அவருடையது இல்லை. அவர் கேட்டார். ஊர் வழக்கம் தெரிந்தவள் நான், பார்க்காமல் சரி என்றவளும் நான். எட்டு வாரமாக வெயிலில் ஏணி மேல் நின்றவர் அவர்.

செல்வி அக்கா வாசலிலேயே நிறுத்திவிட்டார். "அக்கா, அவங்க எங்கிட்ட கேட்டுட்டுதான் போட்டாங்க. நான்தான் திரும்பிப் பாக்காம போடுங்கன்னேன். திட்டறதுன்னா என்னத் திட்டுங்க" என்றேன். திட்டினார். எழுத முடியாது. திட்டி முடித்து மூச்சு வாங்கினார். உள்ளேயிருந்து ஏழுமலை அண்ணன், "கஞ்சி ஆறுது" என்று கத்தினார். அந்தக் குரலில் நல்ல தெம்பு இருந்தது. செல்வி அக்காவுக்கே சுருதி கொஞ்சம் இறங்கியது. "சாயங்காலம் வெளக்கு வைக்கறதுக்குள்ள அந்த மாலை அங்க இருக்கக் கூடாது. மாலை போயிருந்தா, சுண்ணாம்பு வேணாம்னு நானே மில்லுக்காரர்கிட்ட போய்ப் பேசறேன். இருந்துச்சுன்னு வெச்சிக்க, அவர் ஆள் எதுக்கு, நானே சுண்ணாம்பு அடிக்கறேன்."

துண்டு

மாலையை எடுப்பது லேசு என்று நினைத்தேன். ஆயில் பெயின்ட். சுரண்டினால் கழுத்தோடு வருகிறது. வெள்ளை அடித்தால் அடியிலிருந்து ஆரஞ்சு எட்டிப் பார்க்கிறது. மணி மூன்று. மரியான் ஏணியில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது, அதுவும் என் மேல்.

கமால் பாய் கடையை அப்படியே விட்டுவிட்டுக் கழுத்தில் இஞ்ச் டேப்போடு வந்தார். மாலையின் வளைவை விரலால் காற்றில் வரைந்து பார்த்தார். "மாலை விழற எடத்துலதான் துண்டும் விழும். மெரூன் கலர் இருக்குதா கேளு. ஆரஞ்ச அது அமுக்கிடும்" என்றார். மெரூன் இருந்தது. ஆனால் துண்டு கழுத்தில் எப்படி மடியும், தோளில் எங்கே தொங்கும் என்று மரியானுக்குத் தெரியாது. பாய் என் கையில் இருந்த பிரஷ் துடைக்கிற துண்டை வாங்கி உதறித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஸ்டூலை இழுத்துச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்தார். முகம் கொடுக்க மாட்டேன் என்ற அதே கமால் பாய். "கழுத்துக்குக் கீழ மட்டும்னு சொல்லு" என்றார். எதிர் ஸ்டூலில் நான் உட்கார்ந்தேன். நான் பேசவே இல்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் சும்மா இருந்தது அன்றைக்குத்தான்.

வெயில் இறங்கும்போது மாலை இருந்த இடத்தில் மெரூன் துண்டு ஒன்று தோளில் தொங்கியது. ஈரம் காயவில்லை. செல்வி அக்கா வந்து மூக்கு சுவரில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். ஒரு சாமந்தி இதழ்கூட இல்லை. சுண்ணாம்பு வேண்டாம் என்று சொல்ல மில் பக்கம் போனார். பின்னாலேயே போர்வையைப் போர்த்திக்கொண்டு ஏழுமலை அண்ணன் வந்தார். படத்தைப் பார்த்தார், கமால் பாயைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"மூஞ்சி என்துதான். தோள்பட்ட உங்குளுதா? அப்ப இவ போடற சண்டையில இனிமே பாதி உங்களுக்கு, பாய்."

எங்கள் தெருவில் ஒரு முகத்துக்கு ஒரு ஆள் என்று எண்ணினால் தப்பு வரும், இப்படிப்பட்ட தெருவில் பிறந்தவளுக்குக் கணக்கு எப்படி வரும் என்று, மூன்றாவது தடவை பரீட்சை எழுதச் சொல்கிற அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.