குறுக்கே போன இரண்டு அம்புகள்

1984இல் மலேசியாவின் சுங்காய் செம்பனை எண்ணெய் ஆலையில், லோரிகளை நிறுக்கும் எடைமேடையின் குமாஸ்தா மத்தியாஸுக்கு வேலை போயிற்று. ஈப்போ அலுவலகத்தோடு இணைந்த கணினியை அவன் தன்னிச்சையாக அணைத்ததால்தான் லோரிகள் தேங்கிப் பழம் கெட்டது என்று கடிதம் எழுதியவர் அந்த அலுவலகத்தின் கணினிப் பிரிவுத் தலைவர் ஆம்புரோஸ். அந்தக் கணினிகளை இயக்கிய நிரலும் அவர் எழுதியதுதான். அவரிடம் தட்டச்சராகச் சேர்ந்து நிரலெழுதத் தானே கற்றுக்கொண்ட எல்ஸி, மத்தியாஸின் அக்காள்.

நிரலுக்கு ஆம்புரோஸ் போட்ட வரைபடத்தில் கணினிக்கு ஒன்றாக இரண்டு செங்குத்துக் கோடுகள். நடுவே கேள்வியும் பதிலுமாக அம்புகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. கேட்ட கணினி பதில் வரும்வரை என்ன செய்கிறது என்பது மட்டும் அதில் இல்லை. நிரல் நடந்துகொள்ளும் விதத்தைப் படித்து, அதை வரைய எல்ஸி விதி ஒன்று வகுத்தாள்: கேட்டதன் கோடு பதில் வரும்வரை தடித்திருக்கும், தடித்த கோடு வேறு கேள்வியை வாங்காது. அந்த விதிப்படி நிரல் முழுவதையும் மூன்று மாதம் வரைந்தாள். லோரி எண்ணுக்குச் சுங்காய் அனுமதி கேட்ட அதே நேரத்தில் ஈப்போ எடைக்கணக்கைக் கேட்டால், அம்புகள் குறுக்கே போயின. இரண்டு கோடுகளும் தடித்து, தாளின் அடிவரை தடித்தே இருந்தன.

அன்றே சொல்லியிருக்கலாம். கோலாலம்பூரிலிருந்து பெரிய மேனேஜர் வரும் நாளுக்காக ஐந்து வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

அன்று கூட்டத்தில் ஆம்புரோஸை மேசையின் ஒரு முனையில் ஈப்போவாகவும், குமாஸ்தா இராமசாமியை மறுமுனையில் சுங்காயாகவும் உட்காரவைத்தாள். கேள்விச் சீட்டை அனுப்பியவர் பதில் வரும்வரை மேசையிலிருந்து கையெடுக்கவோ, வந்த சீட்டைத் தொடவோ கூடாது. இருவரும் ஒரே நேரத்தில் சீட்டைத் தள்ளினார்கள். பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஆம்புரோஸ், "போதும்லா எல்ஸி. வெளாட்டு முடிஞ்சிச்சா?" என்றார்.

"பதில் வரலையே சார். கைய எடுக்காதீங்க."

அவர் நெற்றியில் வேர்த்தது. துடைக்கவும் முடியவில்லை. அவரைவிட நிதானமாக உட்கார்ந்திருந்த இராமசாமி கூரையைப் பார்த்தார். இவர்கள் எவ்வளவு நேரம் இப்படியே இருப்பார்கள் என்று பெரிய மேனேஜர் மலாயில் கேட்டார்.

"யாராவது ஒரு மெஷின அணைக்கிற வரைக்கும்," என்று எல்ஸி தமிழில், ஆம்புரோஸைப் பார்த்தே சொன்னாள். பிறகு மேனேஜருக்கு மலாயில் சொன்னாள். மத்தியாஸ் செய்தது அதைத்தான் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

தன் பழைய கடிதத்துக்கு மறுப்புக் கடிதத்தையும் ஆம்புரோஸே எழுத வேண்டியதாயிற்று. எல்ஸி பக்கத்தில் நின்று வாசித்து, மத்தியாஸ்மீது 'தவறுதலாக'ப் பழி சுமத்தப்பட்டது என்றிருந்ததில் அந்தச் சொல்லை அடித்து, இரண்டு முறை திருப்பிக் கொடுத்தாள்.

சிம்பாங் பூலாய் கல்லுடைப்பில் வேலை செய்துகொண்டிருந்த மத்தியாஸ், ஆலை மறுபடி அழைத்தும் திரும்பி வரமாட்டேன் என்றுவிட்டான். எல்ஸி வற்புறுத்தவில்லை. ஆம்புரோஸ் மாற்றலாகிப் போகும்வரை, அவர் கேட்டதற்கெல்லாம் அவள் மறுநாள்தான் பதில் சொன்னாள்.