நாத்தனார் கொண்டுவரும் எண்ணெய்

என் கணவர் வருஷா வருஷம் பெருத்துக்கொண்டே போனபோது யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர் இளைக்க ஆரம்பித்ததும் ஊரே என்னிடம் விளக்கம் கேட்டது. அந்த எரிச்சல் இன்னும் எனக்குத் தீரவில்லை.

அவருக்குப் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர் வேலை. எனக்கு ஸ்ரீரங்கத்தில் பள்ளிக்கூட வேலை என்பதால் வீடு ஸ்ரீரங்கத்தில். அவர் தினமும் காவிரிப் பாலத்தைத் தாண்டி வண்டியில் போய் வருவார். போன வருஷம் ஒரு நாள் காலையில் விரல்களை மடக்க முடியவில்லை என்றார். வெயில் ஏறியதும் சரியாகிவிட்டது என்று கிளம்பிப் போனார். சில வாரங்களில் வண்டியின் பிரேக்கைப் பிடிக்கவே இரண்டு கைகளும் தடுமாறின. சட்டைப் பொத்தானைக்கூட நான்தான் போட்டுவிட வேண்டியிருந்தது. பணிமனையில் ஸ்பேனர் கையைவிட்டு நழுவிக் கீழே விழுந்திருக்கிறது. அதை அவர் என்னிடம் சொல்லவில்லை, கூட வேலை செய்கிறவரின் மனைவி சொல்லித்தான் தெரிந்தது.

மூட்டு டாக்டரம்மா பொறுமையாகத்தான் விளக்கினார். கிருமியோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்பு சக்தி, ஆள் மாறிப் போய் இவருடைய மூட்டுகளையே அடிக்கிறது. அதை அடக்கத்தான் வாரத்துக்கு ஒரு நாள் போடுகிற மாத்திரை. ஆனால் இந்தத் தொப்பை இருக்கும்வரை மாத்திரை முழுசாக வேலை செய்யாது, தொப்பையில் இருக்கிற கொழுப்பு சும்மா கிடப்பதில்லை, அதுவும் சேர்ந்து வீக்கத்தை ஏற்றிவிடும், அதனால் எடையைக் குறைத்தே ஆக வேண்டும் என்றார். கை சரியாகாவிட்டால் பணிமனையில் அவரை லேசான வேலைக்கு மாற்றிவிடுவார்கள். நாற்காலியில் உட்கார்ந்து கேட் பாஸ் எழுதித் தருவதைவிட வேலையை விட்டுவிடுவேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அவரைத் தெரிந்தவர்களுக்கு அது வெறும் பேச்சில்லை என்று தெரியும்.

டாக்டரம்மா சொன்னது இதுதான். இது பாலத்தைத் தாண்டிப் பணிமனைக்குப் போவதற்குள் எப்படி மாறியது என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. மறுநாளே பணிமனை முழுக்க "அவருக்கு எதிர்ப்பு சக்தி கம்மியாயிடுச்சாம்" என்று பேச்சு. கம்மியில்லை, அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். வியாதி என்றாலே எதிர்ப்பு சக்தி குறைவு என்றுதானே எல்லோருடைய மனதிலும் பதிந்து கிடக்கிறது? நண்பர் ஒருவர் காலையில் வெறும் வயிற்றில் இரண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் குடிக்கச் சொன்னார். இவரும் குடித்தார். எதற்கு என்று கேட்டால், "எதிர்ப்பு சக்திக்கு" என்றார். ஏற்கெனவே உடம்பை இரண்டாக்கிக்கொண்டிருக்கிற எதிர்ப்பு சக்தி என்கிற அந்த ஆளுக்கு இவர் தினமும் ஊக்க மருந்து கொடுப்பதாக நினைத்துக்கொண்டு செய்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. தேங்காய் எண்ணெய் அந்த ஆளை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை, தொப்பையைத்தான் ஏற்றியது.

போன் ஒரு பக்கம் உயிரை வாங்கியது. ஒரு வாரம் சூரியகாந்தி எண்ணெய் விஷம் என்று செய்தி வரும். அடுத்த வாரம் கடலை எண்ணெய் அமிர்தம் என்று வரும். நானும் மலைக்கோட்டைக் கடைவீதியில் மாற்றி மாற்றி வாங்கினேன். கடைசியில் டாக்டரம்மாவிடமே எந்த எண்ணெய்தான் நல்லது என்று கேட்டேன். கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ மாற்றி மாற்றி ஊற்றுங்கள், பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள், எந்த எண்ணெயும் எதிர்ப்பு சக்தியைத் தூக்கி நிறுத்தாது என்றார். பிறகு, "எந்த எண்ணெய்னு எல்லாரும் கேக்குறாங்கம்மா, எவ்வளவுன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

எங்கள் வீட்டில் யாரும் எவ்வளவு என்று கேட்டதே கிடையாது. அதற்குக் காரணம் லால்குடியில் இருக்கிற என் நாத்தனார், என் கணவருக்கு மூத்தவர். நெல் அறுத்த வயலில் எள் விதைத்து, கருப்பட்டி சேர்த்துச் செக்கில் ஆட்டி, கேனில் கொண்டுவந்து தருவார். சொந்த எள், சொந்த எண்ணெய், கலப்படம் இல்லை. ஆகவே அதற்கு அளவும் இல்லை. சோற்றில் பருப்புப் பொடியைப் போட்டு நடுவில் குழி பறித்து, அது நிரம்பி வழியும்வரை ஊற்றுவார். கொஞ்சமாக ஊற்றினால் பாசம் குறைவு என்று அர்த்தம். டீக்கடை பஜ்ஜியைச் சாப்பிட்டால் உடம்பு கெடும், வீட்டு நல்லெண்ணெய் எவ்வளவு போனாலும் உடம்புக்குள் மருந்தாக மாறிவிடும் என்பது அந்தக் குடும்பத்தின் கணக்கு.

நான் எண்ணெயை ஒரு சின்னப் பாட்டிலில் ஊற்றி, வாரத்துக்கு இவ்வளவுதான் என்று வைத்தேன். கேனைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். புரட்டாசி வந்தபோது ஒரு மாசம் கறி இல்லையே, தானாக இளைத்துவிடுவார் என்று அசட்டுத்தனமாக நினைத்தேன். கறி இல்லாத குறைக்கு வடை, அப்பளம், வாழைக்காய் வறுவல் என்று எங்கள் தெருவே எண்ணெயில்தான் விரதம் இருக்கும் என்பதை மறந்துவிட்டேன். பெருமாளுக்குத் தளிகை போட்டுச் சாப்பிடக் கூப்பிட்ட வீடுகளிலெல்லாம் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். அதையும் சண்டை போட்டு நிறுத்தினேன்.

மெதுவாக எடை இறங்கியது. பேன்ட்டுக்குப் பெல்ட் தேவைப்பட்டது. தை மாசம் ஒரு காலையில் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டு, பெரிய சாதனை போல என் முன்னால் வந்து நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்க விடவில்லை எங்கள் ஜனம். எதிர்வீட்டுக்காரர், "என்ன சார், ரொம்ப இளைச்சுட்டீங்க, சுகரா?" என்று கேட்டார். பால்காரர் கேட்டார். பள்ளிக்கூடத்தில் கூட வேலை செய்கிற டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஸ்கேன் எடுத்துப் பார்த்தீர்களா என்று விசாரித்தார். பெருத்தால் 'உடம்பு தேறிடுச்சு', இளைத்தால் 'உடம்புக்கு என்ன'. ஒரு மனுஷன் நல்லபடியாக இளைக்க முடியும் என்பதற்கு நம் ஊரில் வார்த்தையே கிடையாது போலிருக்கிறது.

லால்குடியில் நாத்தனார் வீட்டில் ஒரு காதுகுத்து வந்தது. தம்பியைப் பார்த்ததும் நாத்தனார் அழுதே விட்டார். நடு முற்றத்தில், அத்தனை உறவுக்காரர்களுக்கு முன்னால், "சோறு போடுறியா இல்லையாம்மா நீ?" என்று என்னைக் கேட்டார். மூட்டு வியாதி, டாக்டர் சொல்லித்தான் குறைக்கிறோம் என்று சொன்னேன். முன்பு போனிலும் பல தடவை சொல்லியிருக்கிறேன். நாத்தனார் என்னை நம்பாமல் தம்பியைப் பார்த்தார். தம்பி குனிந்து இலையில் கையை வைத்தார். அன்று அந்த இலையில் ஓடிய எண்ணெயைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

திரும்பி வந்தபோது புதுக் கேனும் கூட வந்தது. பழைய கேனும் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. நான் பாட்டில் அளவில் சமைத்தேன், அவர் கேனிலிருந்து ஊற்றிக்கொண்டார். அக்கா எண்ணெயே போதும் என்று வாராந்தர மாத்திரையையும் விட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்தபோது தொப்பையும் திரும்பியிருந்தது, வீக்கமும் திரும்பியிருந்தது. பழையபடி பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன். மாத்திரையை என் கையால் கொடுத்து விழுங்கவைத்தேன். அது வேலை செய்ய நாளாகும் என்று டாக்டரம்மா சொன்னார். வேலைக்கு லீவு போட்டார். பணிமனையிலிருந்து மெடிக்கல் பரிசோதனைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கேட் பாஸ் நாற்காலி அவருக்காகக் காத்திருந்தது.

அந்தச் சனிக்கிழமைதான் நாத்தனார் பஸ் ஏறி வந்து சேர்ந்தார். தம்பி லீவில் இருக்கிறான், பாவம், உடம்பு தேறட்டும் என்று அடுப்படியைத் தானே எடுத்துக்கொண்டார். நான் தடுக்கவில்லை. எனக்கு அலுத்துவிட்டது. தட்டில் சோறு, பொடி, நடுவில் குழி. கரண்டி நிறைய எண்ணெயோடு நாத்தனார் குனிந்தபோது என் கணவர் தட்டுக்கு மேலே கையை வைத்து மறைத்தார்.

"வேணாங்க்கா" என்றார்.

கரண்டி ஏற்கெனவே சாய்ந்துவிட்டது. எண்ணெய் அவருடைய புறங்கையில் கொட்டி விரல்களுக்கிடையே ஓடியது. நாத்தனார் பதறிப்போய், எண்ணெயை வீணாக்க மனசில்லாமல், அந்தக் கையைத் தன் மடிக்கு இழுத்துத் தேய்த்துவிட ஆரம்பித்தார். இரண்டாவது விரலுக்குப் போனபோது தேய்ப்பது நின்றது. கணுக்கணுவாக அழுத்திப் பார்த்தார். என் கணவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"இவ்ளோ வீங்கி, சுடுதே" என்றார் நாத்தனார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏம்மா, இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டார்.

ஒரு வருஷமாக நான் சொன்னதெல்லாம் எங்கே போயிற்று? வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது.

"அவ சொன்னதெல்லாம் நெசந்தாங்க்கா" என்றார் என் கணவர், தட்டைப் பார்த்தபடி. "நீ போன்ல கேக்கறப்பல்லாம், ஒண்ணுமில்ல, அவதான் சும்மா பயந்துக்கிட்டு சாப்பாட்டைக் கொறைக்கிறான்னு நாந்தான் சொன்னேன்."

நாத்தனார் அந்தக் கையை விடவில்லை. நான் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன். கேன் மேடைமேல் திறந்தபடி இருந்தது. ஒரு வருஷமாக எண்ணெயோடும் அந்த அம்மாளோடும் மல்லுக்கட்டியிருக்கிறேன். சண்டை போட வேண்டிய ஆள் தினமும் என் கையால் பொத்தான் போட்டுக்கொண்டு என் எதிரிலேயே நின்றிருக்கிறார்.