கழற்றாத ஏசி

ஜூன் தொடக்கத்தில், நாங்கள் குடிவந்த இந்தக் குளிர்நாட்டில், டோர்செட் பார்க்கிலுள்ள எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்து லிஃப்டில் ஓர் அறிவித்தல் ஒட்டினார்கள். யன்னல்களில் பூட்டிய ஏசிகளை வெள்ளிக்கிழமைக்குள் கழற்ற வேண்டும், கீழே விழுந்தால் ஆபத்து என்று. வெளியே தூறலும் குளிர்காற்றும். யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

நான் போனில் வரப்போகிற நாட்களின் வானிலையைப் பார்த்தேன். வடக்கிலிருந்து ஒரு குளிர்காற்று, பின்னால் இன்னொன்று. அதற்குப் பிறகு வெக்கை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும் என்று காட்டியது. என் கணவருக்கு மார்ச்சில்தான் இதய ஒப்பரேஷன் நடந்திருந்தது. எங்கள் வீடு மேற்குப் பார்த்தது. பின்னேர வெயில் முழுவதும் உள்ளேதான்.

கட்டடத்தைப் பராமரிக்கிறவரும் யாழ்ப்பாணத்தவர். கதவைத் தட்டினார்.

“தங்கச்சி, உந்த ஏசியைக் கழட்டுங்கோ. இந்தக் குளிருக்கை ஆருக்கு ஏசி?”

“இப்ப வேண்டாம் அண்ணை. அடுத்த கிழமை வேணும்.”

“போர்காஸ்ட் மாறும்.”

“மாறினா நல்லது. மாறாட்டி என்ரை மனுசன்ரை பாடு என்ன? நான் கழட்ட மாட்டன்.”

அன்றைக்கே எங்கள் மாடியிலிருந்த வீட்டுக் கதவுகளைத் தட்டி, மனேஜரிடம் சேர்ந்து போவோம் என்றேன். வியாழக்கிழமை, இரண்டாவது குளிர்காற்று வீசிய நாளில், ஜாக்கெட்டும் சுவெட்டருமாக மனேஜரின் அறை வாசலில் கூடி நின்றோம். அந்த வெள்ளைக்காரர் சிரித்துவிட்டார். நடுங்கிக்கொண்டா ஏசி கேட்கிறீர்கள் என்றார். எனக்கு முகம் எரிந்தது. விழும் என்று பயமென்றால் ஏசியைத் தாங்கப் பலமான இரும்பு பிராக்கெட் பூட்டித் தாருங்கள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். யோசிப்பதாகச் சொன்னார்.

அடுத்த நாள் ஏசி கழற்ற ஆட்கள் வந்தார்கள்.

“திறவும், ஏன் வீண் பிரச்சினை?” என்றார் கணவர்.

“நீங்கள் பேசாமல் இருங்கோ.”

நான் திறக்கவில்லை. தட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

சொன்னபடியே வெக்கை வந்தது. சுவரைத் தொட்டால் சுட்டது. எதிர்வீட்டு அன்ரி ஏசியைக் கழற்றக் கொடுத்திருந்தார். பேரக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் ஹோலில் பாய் விரித்துக் கொடுத்தேன். குழந்தை அழுகையை நிறுத்தித் தூங்கியது. எனக்கு நிம்மதியை விடக் கோபம்தான் கூட.

அந்தக் கிழமை முடிவதற்குள் பிராக்கெட் பூட்ட ஆட்கள் வந்தார்கள். பராமரிப்பு அண்ணையும் கூட வந்தார், சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

“எதிர்வீட்டு அன்ரியின்ரை ஏசியை எப்ப திருப்பிப் பூட்டுவியள்?” என்றேன்.

“அது ஒபிசிலை கேக்கோணும்.”

“அப்ப நாளைக்கு நாங்கள் எல்லாரும் ஒபிசுக்குத் திரும்ப வாறம் எண்டு மனேஜரிட்டைச் சொல்லுங்கோ.”