மரத்தடியில் வைத்த முருகன்

போன வாரம் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது ஒரு அரசமரத்தடியில் யாரோ பழைய சாமி படங்களைச் சாய்த்து வைத்திருந்தார்கள். மழையில் அட்டை ஊறி, பழைய சந்தனத்தோடு கலந்து ஒரு வாசனை. நான் நின்றுவிட்டேன். "வாங்க போலாம், வேணாம்னு வெச்சிருக்காங்க" என்றாள் மனைவி. வேண்டாமென்று வைத்ததா, வைக்க இடமில்லாமல் வைத்ததா, நமக்கு எப்படித் தெரியும்? அக்கம்பக்கத்தில் யாராவது பையோடு நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

எனக்கு அந்த வாசனை தெரியும். அம்மா போன பிறகு பெரிய காஞ்சிபுரத்தில், வரிசையாகக் குடித்தனங்கள் இருந்த ஒரு ஸ்டோர் வீட்டில் கடைசிப் போர்ஷன் என்னுடையது. பட்டுக் கடையில் வேலை. வருகிறவர்களுக்குப் புடவையை விரித்துக் காட்ட வேண்டும், அவர்கள் எழுந்து போன பிறகு மடிக்க வேண்டும். எட்டாவதோடு நின்றவனுக்கு மடிக்கிற வேலை சரியாகவே இருந்தது. ஐப்பசி மழையில் ஒருநாள் காலை பின்பக்கச் சுவர் அப்படியே சரிந்து விழுந்தது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அம்பாள் புண்ணியம். ஆனால் மத்தியானத்துக்குள் எல்லோரையும் வெளியே வரச்சொல்லி வீட்டுக்காரர் பூட்டுப் போட்டுவிட்டார். குடும்பக்காரர்கள் மாமியார் வீடு, மச்சான் வீடு என்று கிளம்பினார்கள். "உனக்கு இன்னாப்பா, தனி ஆளு. எங்கியாச்சும் சமாளிச்சுக்குவே" என்று ஒவ்வொருவராக எனக்குத் தைரியம் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த எங்கியாச்சும் எங்கே இருக்கிறது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டு பெஞ்சு, கல்யாண மண்டபத்து வராண்டா என்று படுக்கை மாறிக்கொண்டே இருந்தது. கட்டணக் குளியலறையில் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு கடையில் உட்கார்ந்துவிடுவேன். என் துணிப்பையைப் படிக்கட்டுக்கு அடியில் வைத்துக்கொண்ட கடை வாட்ச்மேனைத் தவிர யாருக்கும் விஷயம் தெரியாது. ஆனாலும் புத்தி ஒரு இடத்தில் நிற்காது. புடவை எடுக்க வந்தவர்கள் "வூட்ல இருக்கறவங்களுக்கு போட்டோ அனுப்பி கேக்கறோம்" என்பார்கள். வீடு என்கிற சொல் மட்டும் என் காதில் விழும். பச்சை கேட்டவர்களுக்கு மாம்பழக் கலரை விரித்துவிட்டு விழிப்பேன்.

சிக்கல் சாமி படங்களால்தான் வந்தது. மூன்று படங்கள். பெரியது வள்ளி தெய்வானையோடு முருகன். அம்மா பொட்டின் மேலேயே பொட்டு வைத்து வைத்து, கண்ணாடியில் குங்குமம் மிளகுபோல் மேடு கட்டியிருக்கும். வாட்ச்மேன் அதைத் தொடவே மாட்டேன் என்றார். "செருப்பு வுடற எடம்பா, இங்க சாமிய வெக்கலாமா?" டீக்கடைக்காரரோ என்னைப் பார்த்தே கும்பிடு போட்டார். "உங்க சாமிய வெச்சுக்கினா தினம் வெளக்கேத்தணும். நம்மால ஆவாது." ஆக, பழைய வேட்டியில் சுற்றி நானே சுமந்துகொண்டு திரிந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை பிள்ளையார்பாளையத்தில் ரூம் காலியாக இருக்கிறதென்று கேள்விப்பட்டுப் போனேன். படங்களோடு போனால் அப்போதே குடிவந்துவிட்டவன் மாதிரி இருக்குமே என்று கூச்சம். கடைக்குப் பின்னால் ஒரு அரசமரம். அதன் அடியில் சாய்த்து வைத்துவிட்டுப் போனேன். அங்கே கேட்டுக்கு உள்ளே நின்றபடியே, "ஃபேமிலிக்குதான் குடுப்போம்" என்றார்கள். திரும்பி வந்தால் சின்னப் படங்கள் இரண்டும் இருந்தன. முருகனைக் காணோம்.

மரத்தடியில் பூ விற்கிற அம்மாவைக் கேட்டேன்.

"செவிலிமேட்டு ஆட்டோக்காரர் சம்சாரம் எடுத்துக்கினு போச்சு. வேணாம்னுதான வெச்சே?"

"வேணும்மா. திரும்ப வந்து எடுத்துக்கலாம்னு வெச்சேன்."

"வேணும்னா இன்னாத்துக்குய்யா மரத்தடியில வெக்கறே? வூட்ல ஆணி அடிச்சு மாட்டு."

சுவர் விழுந்த அன்று வராத அழுகை அங்கே வந்தது. முருகன் என்மேல் கோபித்துக்கொண்டு போனாரா, என்னோடு அலைய முடியாமல் போனாரா, ஒன்றும் புரியவில்லை.

விசாரித்துக்கொண்டு செவிலிமேட்டுக்குப் போனேன். ஆட்டோக்காரர் குமார் அண்ணன், அவர் மனைவி மல்லிகா அக்கா. கூடத்தில் முருகன் மாலையோடு தொங்கிக்கொண்டிருந்தார். பாயசம் வைத்துப் படைத்திருந்தார்கள். ஒரு டம்ளர் என் கையில் கொடுத்த பிறகுதான், நான் யார் என்றே அக்கா கேட்டார். சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. படத்தைக் கழற்றத் தூக்கிய கை பாதியில் நின்றது. "எடுத்துக்கினு போயி எங்கப்பா மாட்டுவே?" என்றார். "இங்கியே இருக்கட்டும். தினம் வந்து கும்பிட்டுக்கோ."

தினமும் குளித்த கையோடு டவுன் பஸ் ஏறிப் போனேன். "இன்னாமே, உன் சாமிகிட்ட ஒருத்தர் டெய்லி அட்டெண்டன்ஸ் போடறாரு" என்பார் அண்ணன். "நீயும் போடேன், ஆட்டோ பஞ்சராவாம ஓடும்" என்பார் அக்கா. கார்த்திகை மாதத்து அடைமழையில் ஒரு காலை சொட்டச் சொட்டப் போய் நின்றேன். அண்ணன் என்னைப் பார்த்தார். என் காலடியில் தேங்கிய தண்ணீரைப் பார்த்தார்.

"பின்னால ஒரு ரூம் இருக்குது. பழைய டயருதான் போட்டு வெச்சிருக்கேன். எடுத்துட்டா ஒரு ஆள் படுக்கலாம்."

பல வாசலில் பட்ட பழக்கம், நானே முந்திக்கொண்டேன். "அண்ணே, நான் தனி ஆளு. ஃபேமிலி இல்ல."

அண்ணன் படத்தைக் கை காட்டினார். "ரெண்டு சம்சாரத்தோட உங்க ஆளு முன்னாடியே வந்து குந்திக்கினாரு. இதுக்கு மேல இன்னா ஃபேமிலி வோணும்? வா, டயர புடி."

அறை கிடைத்தும் மனசு குடியேறவில்லை. பையை அவிழ்க்காமலே வெகுநாள் வைத்திருந்தேன். கதவு தட்டும் சத்தம் கேட்டால், கிளம்பச் சொல்ல வந்துவிட்டார்களோ என்று என் கை முதலில் அதைத்தான் தேடும். கல்யாணமான புதிதில்கூட, "யாரோ வந்தா நீங்க ஏன் பைய தூக்கறீங்க?" என்று இவள் சிரித்திருக்கிறாள். அவளுக்கு என்னவென்று சொல்வது?

இப்போது செவிலிமேட்டிலேயே சின்னதாக எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. அந்த டயர் அறையை இடித்துப் படிக்கட்டு வைத்துவிட்டார்கள். அண்ணனும் அக்காவும் மகளோடு இருக்கச் சென்னைக்குப் போனபோது, "உன் சாமிய எடுத்துக்கோப்பா" என்று அக்கா படத்தை நீட்டினார். எனக்கு வாங்கத் தோன்றவில்லை. அவர்களோடே அனுப்பிவிட்டேன். செய்தது சரியா என்று இன்றுவரை தெரியவில்லை.

நேற்று காலை கதவு தட்டினார்கள். சிலிண்டர்காரர். வாங்கி வைத்து, கதவைச் சாத்தி, காப்பியோடு உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, என் கை எதையும் தேடவில்லை. அந்தப் பயம் எந்த நாளில் என்னை விட்டுப் போனது என்று உட்கார்ந்து யோசித்தேன், பிடிபடவில்லை. சொல்லிக்கொள்ளாமலே போயிருக்கிறது.