எட்வினா, மாசிலாமணியா

எண்ணெயில் வாழைக்காய் பஜ்ஜி பொரிகிற வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். மற்றவர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும் வாசனைதான். எனக்கு மட்டும் அது எஸ்தர் அக்காவைப் பெண் பார்க்க வந்த நாளின் வாசனை. அன்றைக்கு எனக்குப் பத்து வயது, என் பயமெல்லாம் அப்பாவின் வாயைப் பற்றியது.

அப்பா அப்போது காஞ்சிபுரம் பஸ் டிப்போவில் டயர் கழற்றி மாட்டும் வேலையில் இருந்தார். கல்யாணத்துக்கு முன்னால் மெட்ராஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நாட்களில் ஒரு குத்துச்சண்டைகூட விடாமல் பார்த்தவர். அவர் பார்த்ததிலேயே பெரிய ஆள் மாசிலாமணி. அதை மறுத்துப் பேசுகிறவர் போலீஸ்காரராக இருந்தாலும் பாதிரியாராக இருந்தாலும், அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். அக்காவுக்கு முதலில் வந்த சம்பந்தம் இதனாலேயே கெட்டது. மாப்பிள்ளையின் தாய்மாமன் அந்தக் காலத்து இன்னொரு குத்துச்சண்டைக்காரரை நினைத்து "எட்வின் மாதிரி வராது" என்று ஒரு வார்த்தை சொல்லப்போக, அப்பா, "நீ அங்க சண்டை பார்த்தியா, சுண்டல் வித்தியா?" என்று கேட்டுவிட்டார். வந்தவர்கள் காபிகூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அக்கா பல நாள் அப்பாவோடு பேசவில்லை.

அதனால் அடுத்த சம்பந்தம் தாமல் கிராமத்திலிருந்து வந்தபோது அம்மா காலையிலேயே சொல்லிவிட்டாள்: "இன்னிக்கு அந்தப் பேச்சை எடுத்தீங்க, நான் எங்கம்மா வூட்டுக்குப் போய்க்கினே இருப்பேன்." அவளுக்கு அப்பாவின் மேல் நம்பிக்கையில்லை, என்னை அவருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள், பேச்சு தடம் மாறினால் நான் தொடையில் கிள்ள வேண்டும். மாப்பிள்ளையின் போட்டோவை அக்கா பைபிளுக்குள் வைத்துக்கொண்டு அடிக்கடி பார்த்ததை நான் கண்டிருந்தேன். இந்த முறையும் கெட்டுப்போனால் அது என் விரல்களின் குற்றமாகிவிடும் என்று விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டேன்.

வந்தார்கள். மழை, ஏரித் தண்ணீர், பஸ் வசதி என்று பேச்சு நல்லபடியாகவே போனது. தரகர் "பாபு" என்று சொல்லியிருந்த மாப்பிள்ளை தலையைக் குனிந்தபடி பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். "பாபுங்கிறது வூட்டுப் பேருங்களா?" என்று அப்பா சாதாரணமாகத்தான் கேட்டார். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"ஆமாங்க. சர்டிபிகேட்ல எட்வின். நான் பெரம்பூர்ல வேலை பார்த்தப்போ அந்தப் பேர்ல ஒரு பாக்ஸர் இருந்தாரு. அவரு பேரைத்தான் வச்சேன்."

நான் கிள்ளினேன். இரண்டு கையாலும் கிள்ளினேன். அப்பாவின் தொடை மரக்கட்டையாகிவிட்டது போலும், அவர் சட்டைக் கையை மடிக்கத் தொடங்கிவிட்டார்.

"பார்த்திருக்கேங்க. ரெண்டாவது ரவுண்டுலயே கயித்தைப் புடிச்சிக்கினு மூச்சு வாங்கினாரு. எங்க மாசிலாமணி கையில சிக்கியிருந்தா அவ்ளோதான்."

"அது அவரு கடைசி காலம்பா! நல்லா இருந்தப்போ நீ பார்க்கவே இல்ல. மாசிலாமணியை நானும்தான் பார்த்தேன், கொசு ஓட்டிக்கினு இருந்தாரு."

"அப்போ அவருக்குத் தோள்பட்டை போயிடுச்சிபா!"

இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. இருவரும் தங்கள் ஆளை ஏறுமுகத்திலும் அடுத்தவர் ஆளை இறங்குமுகத்திலும் பார்த்திருக்கிறார்கள். இருவர் சொன்னதும் நிஜம்தான். அன்றைக்கு எனக்கு அழுகைதான் வந்தது. சமையலறையில் அம்மா "ஏசப்பா, ஏசப்பா" என்று முனகுவது கேட்டது, திரைக்குப் பின்னால் அக்கா காபி டம்ளர்களைத் தரையில் வைத்துவிடும் சத்தமும் கேட்டது. தாமல்காரரான மாப்பிள்ளையின் அப்பா எழுந்து, எட்வின் எப்படி நழுவுவார் என்று எங்கள் கூடத்தில் காலை மாற்றி மாற்றி வைத்துக் காட்டினார். அப்பா தன்னை மறந்து இடது கையை விட்டார். அது போய்த் தாமல்காரர் தாடையில் பட்டு, மூக்குக்கண்ணாடி தரையில் விழுந்தது.

கெட்டது போ, அக்காவின் வாழ்க்கை முடிந்தது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இதான்பா மாசிலாமணி குத்து!" என்ற குரல் கேட்டது. தாமல்காரர் தாடையைத் தடவிக்கொண்டு சிரித்தார். "ஆனா எட்வின் இதை வாங்கியிருக்க மாட்டாரு. எங்க ஊர்ல இதைப் பேச ஒரு ஆள் இல்லபா. பொண்ணை வரச் சொல்லுங்க."

கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல், நான் மாமா என்று கூப்பிடும் அக்காவின் மாமனார் தாமலிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவார்; மருமகளின் அப்பாவைப் பார்க்க என்று பெயர், வந்து உட்கார்ந்ததும் சண்டைதான். "சம்பந்தி" போய் "வாடா, போடா" வந்துவிட்டது. அக்கா பிள்ளைகள் வளர்ந்து வேலைக்கும் போய்விட்டார்கள், வாதம் மட்டும் முடியவில்லை.

போன மழைக்காலத்தில் மாமா இறந்துபோனார். இந்தக் காலத்துப் பையன்களுக்கு யார் பெரியவன் என்று சந்தேகம் வந்தால் செல்போனில் சண்டையையே போட்டுப் பார்த்துவிடுகிறார்கள். எட்வினுக்கும் மாசிலாமணிக்கும் அப்படி ஒரு படமும் கிடையாது. பார்த்த கண்களில் எனக்குத் தெரிந்து மிச்சமிருப்பவை அப்பாவுடையவை மட்டும். அவரும் பேச்சைக் குறைத்துக்கொண்டார், சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டார். அவர் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே எனக்குப் பதைக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை, கோபமாவது வரட்டுமே என்று, "ஏம்பா, எட்வின்தானே பெரிய ஆளு?" என்று வேண்டுமென்றே சீண்டினேன்.

"ஆமாம்மா" என்றார் அப்பா. "எட்வின்தான். எனக்கு ரொம்ப நாளாவே தெரியும்."

"அதை மாமா இருக்கும்போதே சொல்லியிருக்கலாம் இல்லப்பா? எவ்ளோ சந்தோஷப்பட்டிருப்பாரு."

"சொல்லியிருந்தா, அப்புறம் அவன் இன்னாத்துக்குமா வருவான்?" என்றார்.