ஷட்டில் என்றால் என்ன

ஆறாம் வகுப்பு ஆங்கிலப் பரீட்சையில் எனக்கு ஒரு மதிப்பெண் போனது. ‘ஷட்டில் என்றால் என்ன?’ என்பது கேள்வி. இரண்டு ஊர்களுக்கு நடுவே போய்த் திரும்பும் வண்டி என்று டீச்சர் எழுதிக் கொடுத்திருந்தார். நான் அதைப் படிக்காமல் இல்லை. அதைவிட நல்ல பதில் எனக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். கருமத்தம்பட்டியில் அம்மா தறி ஓட்டிய குடோனில், நூலைச் சுமந்துகொண்டு தறிக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாயும் மரக்கட்டையை எல்லோரும் நாடா என்பார்கள். அது வந்திறங்கும் அட்டைப்பெட்டியில் ஷட்டில் என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். நானே எழுத்துக் கூட்டிக் கண்டுபிடித்தது. அதையே எழுதினேன். டீச்சர் சிவப்பு மையில் ஒரே கோடாக அடித்துவிட்டார்.

அம்மாவுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. “அந்த டீச்சரு நாடாவப் பார்த்திருக்க மாட்டாங்க கண்ணு,” என்றாள், ஏதோ அவருக்காகப் பரிதாபப்படுகிறவள் போல.

மறுநாள், முனை மழுங்கிக் கழித்துப்போட்ட நாடா ஒன்றைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு என்னோடு பள்ளிக்கூடம் வந்தாள். அவள் சேலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. மார்க்குக்காகச் சண்டைக்கு வந்துவிட்டாள் என்று எல்லோரும் நினைப்பார்களே என்பதுதான் வழியெல்லாம் என் கவலை.

அம்மா நாடாவை மேசைமேல் வைத்தாள். “ஏனுங்க டீச்சர், புள்ள இதையத்தானுங்க எழுதிப்போட்டா. தப்புன்னா தப்புங்க. என்னன்னு மட்டும் பார்த்துச் சொல்லிப்போடுங்க.”

டீச்சர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அலமாரியிலிருந்து தடித்த அகராதியை இறக்கி வெகுநேரம் படித்தார். பிறகு வகுப்பு முழுவதையும் மேசையைச் சுற்றி வந்து நிற்கச் சொன்னார். அகராதியில் முதல் அர்த்தமே தறியில் ஓடும் நாடாதான். அதற்கும் முன்னால், மிகப் பழைய ஆங்கிலத்தில், அந்தச் சொல்லுக்கு அம்பு என்று பொருளாம். அம்பு போலப் பாய்வதால் நாடாவுக்கு அந்தப் பேர் வந்தது. நாடா போய்ப் போய்த் திரும்புவதைப் பார்த்து வண்டிக்கும், மட்டையால் அடிக்கும் இறகுப் பந்துக்கும், விண்வெளிக்குப் போய்வரும் ஓடத்துக்கும் அதே பேரை வைத்துவிட்டார்கள்.

“என்மேலதான் தப்பு,” என்று டீச்சர் எல்லோர் முன்னாலும் சொல்லி மதிப்பெண்ணைப் போட்டார். நாடா வகுப்பு முழுக்கக் கை மாறிக் கை மாறிப் போனது. அன்றைக்கு என் கால் தரையில் பாவவில்லை.

டீச்சர் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தேன். சாயங்காலம் அம்மா படிக்கச் சொன்னாள். படித்தேன்.

“இன்னொருக்காப் படி கண்ணு.”

தறிச் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது போலும் என்று நினைத்து உரக்கப் படித்தேன். மறுபடியும் படிக்கச் சொன்னாள். இந்தமுறை கத்தியே படித்துவிட்டு, கேட்டதா இல்லையா என்றேன்.

“மொதத் தடவையே கேட்டுச்சு சாமி,” என்றாள்.

பிறகு எதற்கு மூன்று முறை படிக்கச் சொன்னாள் என்று எனக்கு அப்போது எரிச்சல்தான் வந்தது.